மாத்திரை கொடுத்தாயிற்று, காலுக்கு என்ன?

கேள்வி: எங்கள் ஊரில் பவர்லூம் தறி ஓட்டும் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து சின்னதாக ஒரு சேவைக் குழு வைத்திருக்கிறோம். யானைக்கால் மாத்திரை கொடுக்க வருகிறவர்களோடு தெருத்தெருவாகத் துணைக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். அது போதுமா?
— ஒரு வாசகர், நகரி

போங்கள் தம்பி, கண்டிப்பாகப் போங்கள். ஆனால் மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் புத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்கு இதே மாத்திரையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். திண்ணையில் ஒரு பாட்டி, வலது கால் முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி இருந்தது. என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு, "இது பூச்சிக்கு, சரி. இந்தக் காலுக்கு என்னப்பா வச்சிருக்கே?" என்று கேட்டார். என் பையில் ஒன்றும் இல்லை. சுவரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

மாத்திரை ரத்தத்தில் சுற்றும் குட்டிப் புழுக்களைக் கொல்கிறது, அதனால் சாக்கடைக் கொசு அவற்றை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோக முடிவதில்லை. வீங்கிப்போன காலை அது வற்ற வைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2000-ல் இந்த நோயை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோதே, பரவலை நிறுத்துவதும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களைப் பராமரிப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் வகுத்தது. முதல் வேலைக்கு ஆள் வருகிறார்கள், இரண்டாவது வேலைக்குத்தான் உங்களைப் போன்றவர்கள் தேவை.

அந்த வேலைக்குப் பெரிய பணமெல்லாம் வேண்டாம். சோப்பு, ஒரு வாளி தண்ணீர், பழைய வேட்டித் துணி, இவ்வளவுதான். காலில் நெறி கட்டி, குளிர் காய்ச்சல் வந்து, கால் சிவந்து எரிகிறதே, அது பெரும்பாலும் விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமி உள்ளே போவதால் வருவது. ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். அதனால் தினமும் காலைக் கழுவ வேண்டும். சுடுநீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். தேய்க்காமல் கையால் மெதுவாக நுரைக்க வேண்டும், மடிப்புகளுக்குள்ளும் விரல் போக வேண்டும். பெரிய காலில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், துணி முனையைத் திரித்து ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தால்தான் உலரும். இடுக்கில் புண்ணோ வெள்ளையாக ஊறலோ தெரிந்தால் டாக்டர் தரும் களிம்பைப் போடலாம். இரவில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு கால் எரிகிற நாட்களில் மட்டும் கணுக்கால் பயிற்சி எதுவும் வேண்டாம், குளிர்ந்த துணி போட்டு, ஓய்வு எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சூடு வைப்பது, கீறி விடுவது இதையெல்லாம் யார் சொன்னாலும் விடாதீர்கள்.

இன்னொன்று, இது நம் எல்லைப் பக்கத்துக்கே உரியது. நான் பார்த்த இடங்களில் நோட்டீஸ் முழுக்கத் தெலுங்கில்தான் இருந்தது. 'போதகாலு' என்றால் யானைக்கால் என்று நம் ஆட்களுக்குத் தெரியும், பேசினாலும் புரியும், ஆனால் தமிழில் படித்த பெரியவர்கள் அந்த எழுத்தைப் படிப்பதில்லை. கால் கழுவுகிற முறையை நீங்களே தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, தறி ஓடும் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம், விரை வீக்கம் உள்ள ஆண்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள். அதுவும் இதே புழுவின் வேலையாக இருக்கலாம், அதற்கு ஆபரேஷன் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள் என்பதை உங்களில் யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து காதோடு சொன்னால் போதும்.

கேள்வி: எனக்கு நோயே இல்லை, நான் ஏன் சாப்பிட வேண்டும்? இலவச மாத்திரை தரமாக இருக்குமா?
— ஒரு வாசகர், சத்தியவேடு

புழு உள்ளே இருந்தும் பல வருடம் வெளியே ஒன்றும் தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் வரும், அதனால்தான் ரத்தம் எடுக்கிறவர்கள் இரவில் கதவைத் தட்டுகிறார்கள். தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நம் விசாகப்பட்டினத்து ஆலையில் எய்சாய் என்ற ஜப்பான் நிறுவனம் யானைக்காலுக்கான இதே டி.இ.சி. மாத்திரையைச் செய்து, உலக சுகாதார நிறுவனம் வழியாகப் பல நாடுகளுக்கு இலவசமாகவே அனுப்பியிருக்கிறது. இலவசம் என்பதற்காக மட்டமாக நினைக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள், கொஞ்சம் தலைவலியோ காய்ச்சலோ வந்தால் புழு சாவதால் இருக்கலாம். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயில் இருப்பவர்கள் சாப்பிடக் கூடாது.

கேள்வி: பாடேரு பக்கம் ரோடு வேலைக்குப் போன என் தம்பி மலேரியாவோடு வந்தான். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து மறுபடி குளிர் காய்ச்சல். இங்கேயும் கொசு கடித்துவிட்டதா?
— ஒரு வாசகி, பள்ளிப்பட்டு

பழைய மலேரியாவே திரும்பி வந்திருக்க வாய்ப்பு அதிகம் அம்மா. வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்து தூங்கும். குளோரோகுயின் மூன்று நாளில் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும், ஈரலில் இருப்பதைக் கொல்வது 14 நாள் பிரைமாகுயின்தான். உங்கள் தம்பி அலமாரியில் வைத்தது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மிச்சத்தை எடுத்து இப்போது கொடுத்துவிடாதீர்கள். ஃபால்சிபாரம் வகை என்றால் மருந்தே வேறு, அது உயிருக்கு ஆபத்தும்கூட, அதனால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுங்கள். போனதும் முதலில் "பாடேருவில் வேலை பார்த்தான்" என்று சொல்லுங்கள், அது மலேரியா உள்ள மலைப்பக்கம், சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து அனுப்பிவிடக்கூடும். மறுபடி பிரைமாகுயின் கொடுத்தால், சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கும்போது பக்கத்திலேயே நின்று, தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அப்படிப் 14 தாள் சேருங்கள். நடுவில் சிறுநீர் கருப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.