கூழ், களி, பழைய சோறு: கேள்வி பதில்

தர்மபுரியிலிருந்து: அக்கா, சுகருக்காகத் தினமும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். குறையவே மாட்டேன் என்கிறது.

கஞ்சிதான் வில்லங்கம். கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நைசாக அரைத்து, தண்ணீராகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். உங்கள் ஊர்க் களி இருக்கிறதே, அதையே சின்ன உருண்டையாக, கீரைக் கடைசலோடு சாப்பிடுங்கள். மாத்திரை அளவு பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கோவையிலிருந்து: எலும்புக்குக் கேழ்வரகு?

நல்லது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் 10 தேறினால் அதிகம். முளைகட்டிய மாவு இன்னும் நல்லது.

மதுரையிலிருந்து: கம்பங்கூழ் குடித்தும் ரத்தசோகை போகவில்லை.

கூழ் குடித்த கையோடு டீ குடிக்கிறீர்களா? டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது பொறுங்கள். கூழுக்கு மாங்காயோ நெல்லிக்காயோ தொட்டுக்கொள்ளுங்கள். மாவை இரவே புளிக்கவிட்டால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறையும். ஆனால் மூன்று வேளையும் கம்பே வேண்டாம். அயோடினும் குறைந்தால் தைராய்டு பாதிக்கும்.

சேலத்திலிருந்து: சுகருக்குக் கேழ்வரகுக் கஞ்சி நல்லதா?

முதல் பதிலைப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: குக்கர் சோற்றில் செய்வதெல்லாம் பழைய சோறா அக்கா? வடித்த சோறுதான் உடம்புக்கு நல்லது.

ருசிக்கு ஒப்புக்கொள்கிறேன், சத்துக்கு மாட்டேன். வடித்த கஞ்சியோடு பி வைட்டமின்களும் போகின்றன. குக்கரா வடிப்பதா என்பதைவிட எந்த அரிசி என்று பாருங்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. அதனால் புழுங்கலரிசி.

தஞ்சாவூர், மறுபடி: எங்கள் ஆத்தா கஞ்சியைக் கொட்டியதே இல்லை. உப்புப் போட்டுக் குடித்துவிடுவார்.

அப்படியானால் ஆத்தா கட்சி ஜெயித்தது! கஞ்சியைக் கொட்டுகிறவர்களுக்குத்தான் நான் சொன்னது. ஒன்று மட்டும்: ஆறின சோற்றை மணிக்கணக்கில் வெறுமனே விடாதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்து வெந்தாலும் சாகாது. அது சோற்றில் விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. புளிப்பு ஏறினால்தான் கிருமி அடங்கும். நூல் விட்டால் கொட்டிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: பிபி இருக்கிறது. பழைய சோற்றுக்கு மோர்மிளகாய்?

சின்ன வெங்காயம். நாளுக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் கணக்கு.

ஈரோட்டிலிருந்து: அக்கா, பழைய சோறு சாப்பிட்டதும் ஒரு டீ...

மதுரைக்குச் சொன்னதுதான் ஈரோட்டுக்கும்.