காம்பஸ் ஊசி ஏன் சாய்கிறது? நிலவியல் கேள்வி பதில்

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துப் பக்கம் ஃபீல்டு போயிருந்தோம். ஒரே பாறையில் நான்கு பேர் பிரன்டன் காம்பஸ் (பாறையின் திசையும் சாய்வும் அளக்கும் கருவி) வைத்து நான்கு விதமான ஸ்ட்ரைக் (சாய்ந்த பாறை முகத்தில் கிடைமட்டக் கோடு ஓடும் திசை) எழுதினோம். என் காம்பஸில் ஊசியின் தென்முனை தாழ்ந்து அடியில் உரசவும் செய்கிறது. கருவி கெட்டுவிட்டதா?
– இளங்கலை மாணவி, பாளையங்கோட்டை

கெடவில்லை. நம் ஊருக்கென்று அதைச் சரிசெய்யவில்லை, அவ்வளவுதான். வடக்கே போகப்போக பூமியின் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதை ஈடுகட்ட, தென்முனைப் பக்கம் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். திருநெல்வேலி காந்த நடுக்கோட்டை (ஊசி எந்தப் பக்கமும் தாழாத கோடு) ஒட்டி இருப்பதால், இங்கே காந்தச் சாய்வு ஏறக்குறைய பூஜ்யம். வடமுனையை இழுக்க ஆளில்லை. கம்பியின் கனம் மட்டும் மிஞ்சித் தென்முனை தாழ்கிறது. (கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இந்த நடுக்கோட்டுக்காகத்தான். கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.) லேப் பொறுப்பாளரிடம் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி, கம்பியை மையத்தை நோக்கி ஒரு மயிரிழை நகர்த்தச் சொல்லுங்கள். நீங்களாகக் கழற்ற வேண்டாம். ஊசி நிற்கும் முனை மழுங்கினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நான்கு பேருக்கு நான்கு விடை வந்ததற்கு வேறு காரணங்கள் இருக்கும். பிரன்டன் முகப்பில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி அச்சாகியிருக்கும். அது அச்சுப்பிழை அல்ல. ஊசி நிலையாக நிற்க முகப்புதான் திரும்புகிறது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஊசி காட்டும் எழுத்தை அப்படியே எழுதுங்கள். மனதுக்குள் 'திருத்தி' எழுதினால் வடகிழக்கு வடமேற்காகிவிடும். சுத்தியல், மொபைல், பெல்ட் பக்கிள் எல்லாம் இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். சார்னோகைட் என்ற பாறையில் மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமம்) இருக்கலாம். சந்தேகம் வந்தால் பாறையை விட்டு எழுந்து நின்று, இடுப்பு உயரத்தில் வைத்து அதே திசையை மறுபடி பாருங்கள்.

கரடுமுரடான முகத்தில் காம்பஸை நேரே வைக்கக் கூடாது. நோட்டின் கெட்டி அட்டையைச் சாய்வோடு பொருத்தி, அதன்மேல் வையுங்கள். டிப் (பாறை முகம் சரியும்) திசை புரியாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது ஓடும் வழிதான் டிப், அதற்குச் செங்குத்து ஸ்ட்ரைக். கொஞ்சம் கோணலாக அளந்தாலும் உண்மையான டிப் கோணத்தைவிடக் குறைவாகத்தான் வரும். அதனால் பல அளவுகளில் பெரியதையே நம்புங்கள். ஸ்ட்ரைக் திசைகளுக்குச் சராசரி எடுக்கும்போது ஒரு பொறி உண்டு: 358 டிகிரியையும் 4 டிகிரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 181 வரும். திசை வட்டத்தில் 360-ம் 0-வும் ஒன்றே என்பதால் சரியான விடை 1.

பாறைமேல் ஆசிட் விட்டதும் பொங்கியது. சுண்ணாம்புக்கல் என்று எழுதினேன். அதை அடித்து, நைஸ் (பட்டை பட்டையான உருமாற்றப் பாறை) என்று திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.
– மாணவர், நாங்குநேரி

பொங்கியது பாறையாக இருக்காது, அதன்மேல் படிந்த சுக்கான் (சுண்ணாம்புப் படிவு). இந்த வறண்ட பூமியில் எந்தக் கல்லின் மேலும், விரிசலிலும் அது வெள்ளையாகப் பூசியிருக்கும். சுத்தியலால் உடைத்துப் புதுமுகத்தில் ஆசிட் விடுங்கள். கத்தியால் கீறிப் பாருங்கள்: சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டில் கீறல் விழும், குவார்ட்ஸில் விழாது. சுண்ணாம்புக்கல்லைப் போலவே இருக்கும் டோலமைட் என்றால் பொடியாக்கினால்தான் பொங்கும். ஆசிட் கலக்கும்போது மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுங்கள். ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள்.

மகள் பி.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கிறாள். மத்திய அரசு வேலைக்கு இப்போதே எழுதலாமா?
– தந்தை, சுரண்டை

எழுத முடியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். வயது 21 நிறைந்து 32 எட்டாமல் இருக்க வேண்டும்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலை கொள்குறி வகை, 400 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் தலா 200-க்கு மூன்று தாள், கையால் எழுத வேண்டும். நேர்முகம் 200. இப்போது அவள் குறிவைக்க வேண்டியது ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான 'ஜாம்' தேர்வு. கூடவே, படம் வரைந்து பதில் எழுதும் பழக்கத்தை விடாமல் இருக்கட்டும். கொள்குறி வகையிலேயே ஊறியவர்கள் முதன்மைத் தேர்வில்தான் திணறுகிறார்கள்.

நுண்ணோக்கியில் பார்க்க, பாறைத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி மெலிதாகத் தேய்த்து மாணவர்கள் செய்யும் தின் செக்‌ஷனில் குவார்ட்ஸ் மஞ்சளாகவே நிற்கிறது. தேய்க்கத் தேய்க்க ஓரம் மட்டும் காணாமல் போகிறது.
– விரிவுரையாளர், தூத்துக்குடி

மஞ்சள் என்றால் கனம் 0.04 மில்லிமீட்டர் பக்கம் நிற்கிறது. 0.03-க்கு வந்தால் குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும். ஓரம் போவதற்குக் காரணம் விரல். ஒரே இடத்தில் அழுத்தினால் ஆப்பு மாதிரி சரிந்துவிடும். இரண்டு விரலால் பரவலாக அழுத்தி, 8 போடுகிற மாதிரி தேய்க்கச் சொல்லுங்கள். சில சுற்றுக்கு ஒருமுறை ஸ்லைடைத் திருப்ப வேண்டும். குவார்ட்ஸ் வெளிர்மஞ்சளுக்கு வந்ததுமே 600 எண் தேய்ப்புப் பொடியை நிறுத்தி, அதைவிட நுண்ணிய 1000 பொடிக்கு மாறுங்கள். மாறும்போது கண்ணாடித் தட்டு, ஸ்லைடு, நகக்கண் எல்லாம் கழுவ வேண்டும். முந்தைய பொடியில் ஒரு பருக்கை தங்கினாலும் கீறல் நிச்சயம்.

துண்டு கழன்று வந்தால், அதை ஸ்லைடில் ஒட்டும் பிசினான கனடா பால்சம் வேகவில்லை. ஊசியில் ஒரு சொட்டு எடுத்து ஆறவிட்டு நகத்தால் அழுத்துங்கள். ஒட்டாமல் நொறுங்கினால் பதம். ஒட்டினால் இன்னும் சூடு வேண்டும். பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் கனம் பார்ப்பது தனிப் பாடு. கால்சைட்டின் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே ஸ்லைடின் ஓரத்தில் சார்னோகைட் துண்டு ஒன்றைச் சேர்த்து ஒட்டித் தேயுங்கள். அதிலுள்ள குவார்ட்ஸ் சாம்பலாகும்போது கையை எடுத்துவிடலாம்.