மாமியார் வளையலும் ‘ஷ்யூர் ஷாட்’ டிப்ஸும்

கேள்வி: என் கணவர் டெலிகிராம் குரூப் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்து, அவர்கள் தரும் ‘ஷ்யூர் ஷாட்’ டிப்ஸை நம்பி ஆப்ஷன் டிரேடிங் செய்கிறார். 3 லட்சம் போய்விட்டது. இதற்காக மாமியாரின் வளையல்களை அடகு வைத்தோம். லாக்கருக்கு நானும் கூடப் போனேன். வளையல் லாக்கரில்தான் இருக்கிறது என்று மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த டிப்ஸில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிறார் கணவர். இன்னும் ஒரு தடவை பொறுத்துப் பார்க்கலாமா?
- சேலம் வாசகி

பதில்: கூடாது. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ வணிகத்தில் (பங்கு விலை ஏறுமா, இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்; உங்கள் கணவர் செய்வதும் இதுதான்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம். செபியில் பதிவு பெற்ற ஆலோசகரே லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது. இந்த மாதிரி குரூப்களில் பாதிப் பேருக்கு ‘ஏறும்’, மீதிப் பேருக்கு ‘இறங்கும்’ என்று அனுப்புவது பழைய தந்திரம். யாருக்காவது பலிக்கத்தானே செய்யும்? அந்த ஸ்கிரீன்ஷாட்தான் ஊரெல்லாம் சுற்றும்.

சரி, அது கிடக்கட்டும். லாக்கர் விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. நிச்சயம் ஜெயிக்கும் என்றால் பெற்ற தாயிடம் ஏன் மறைக்க வேண்டும்? “வளையலைக் கொடும்மா, அடுத்த மாசம் மீட்டுத் தர்றேன்” என்று கேட்க உங்கள் கணவருக்கு ஏன் வாய் வரவில்லை? போனாலும் போய்விடும் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். கூடப் போன உங்களுக்கும் தெரியும். வயதான காலத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யாரிடமும் கையேந்த வேண்டாம் என்று அந்த அம்மா வைத்திருந்த தைரியம் அது. மகனே ஆனாலும் கேட்காமல் எடுத்தால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அடகு ரசீதோடு அவர் முன்னால் உட்காருங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், வட்டி என்ன, கெடு எப்போது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார், அழுவார். பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளே புரோக்கரிடம் சொல்லி எஃப் அண்ட் ஓ வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் மாதாமாதம் சம்பளம் வந்ததும் முதலில் நகைக்கடனுக்குக் கட்டுங்கள். மற்ற செலவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய்ச் சொல்லுங்கள். ஏல நோட்டீஸைப் பார்த்து மாமியார் தெரிந்துகொள்ளும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள்.