ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் நுண்கடன் நிறுவனங்களின் வசூலைக் கெடுக்கின்றனவா?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புத்தக விடை வேண்டுமென்றால் என் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஆறு ஆண்டுகள் மகளிர் குழுக்களுக்கு நுண்கடன், அதாவது அடமானம் இல்லாத சிறு கடன், கொடுத்து வசூலித்தவன் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

2011இல் வந்த விதிப்படி ஒரு பெண்ணுக்கு இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது. அந்தக் கணக்கில் வங்கிகள் சேராது. வட்டிக்கும் வரம்பு இருந்தது. 2022 ஏப்ரலில் இரண்டும் போயின. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றார்கள். நல்ல விதிதான். ஆனால் அந்த வருமானத்தை எழுதுவது யார்?

ஒரு வீட்டுத் திண்ணையில் படிவத்தை விரித்து, "மாதம் எவ்வளவு வரும் அக்கா?" என்றேன். தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அதை மண்டியில் போய்க் கேள் தம்பி" என்றார். ஒரு மாதம் கிலோ 60 ரூபாய்க்குப் போகும். இன்னொரு மாதம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே அழுகும். தவணை பாதிக்குள் அடங்கும்படி 16,000 என்று எழுதினேன். திட்டுவதற்கு முன், இலக்கை எட்டாவிட்டால் எனக்கு ஊக்கத்தொகை கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. என் கையால் எழுதியதைச் சொல்கிறேன்.

அந்த அக்கா ஒரு கடனை வாங்கி இன்னொன்றைக் கட்டுவார். ஏட்டில் வசூல் அழகாக இருந்தது. 2024இல் நுண்கடன் நிறுவனங்களின் சங்கமே ஒருவருக்கு நான்கு நிறுவனங்கள்தான், பிறகு மூன்றுதான் என்று இறுக்கியது. புதுக்கடன் நின்றது, தவணையும் நின்றது. விதி வந்து தொழிலைக் கெடுத்துவிட்டது என்று மேலாளர் புலம்பினார். என்னைக் கேட்டால், அந்தக் கடன் நான் 16,000 எழுதிய அன்றே வாராக்கடன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அரசு 1989இல் தொடங்கியதே தருமபுரியில்தான். என் அம்மாவும் பிறகு அப்படியொரு குழுவில் இருந்தார். படிவம் ஏதும் இல்லை. யார் வீட்டு மாட்டுக்குப் பால் வற்றிவிட்டது என்று தெரிந்துதான் கடன் தருவார்கள்.

இன்னொன்று. நான் வேலையை விட்டு ஓராண்டாகிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழையாம், வருங்கால வைப்பு நிதி இன்னும் வரவில்லை. கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று விதி உண்டு. பழைய அலுவலகத்தை நான் அந்த நேரத்துக்குள்தான் அழைக்கிறேன். எடுப்பதில்லை.