நியூசிலாந்து போன்ற ஒரு சிறிய நாட்டின் குதிரைப் பந்தயத் துறை எதிர்கொள்ளும் பெரிய சவால்கள் எவை?

நியூசிலாந்தின் வைக்காட்டோ பகுதியில் குதிரைப் பண்ணைகளின் வரவு செலவுக் கணக்குகளைப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு விடையளிக்க முயல்கிறேன். இந்தத் துறையின் சிக்கல்களைப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சூதாட்ட வருவாய், பழுதடைந்த திடல்கள், ஆள் பற்றாக்குறை என்று தனித்தனியே அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் நான் அன்றாடம் பார்க்கும் கணக்கேடுகளின்படி அவை அனைத்துக்கும் அடியில் ஒரே ஒரு வேர் இருக்கிறது: உலகமே விரும்பி வாங்கும் குதிரைகளை ஈனும் இந்த நாட்டில், அந்தக் குதிரைகளை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கான பணம் இல்லை.

இது புதிய கதை இல்லை. 1926ஆம் ஆண்டு திமாரு நகருக்கு அருகில் பிறந்த ஃபார் லாப், 1928இல் ட்ரெந்தமில் நடந்த ஏலத்தில் 160 கினிக்கு (பழைய பிரிட்டிஷ் பண அலகு) சிட்னிப் பயிற்சியாளர் ஒருவருக்காக வாங்கப்பட்டது. 1930இல் புகழ்பெற்ற நீண்ட தொலைவுப் பந்தயமான மெல்பர்ன் கோப்பையை வென்று ஆஸ்திரேலியாவின் தேசியச் செல்வமாகவே ஆகிவிட்ட அந்தக் குதிரை, தான் பிறந்த நாட்டில் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. நம் காலத்துக்கு வந்தால், 2025 அக்டோபரில் சிட்னியின் எவரெஸ்ட் பந்தயத்தை வென்ற ஹாங்காங் குதிரையான கா யிங் ரைசிங்கும் நியூசிலாந்தில் பிறந்ததுதான். ஹாங்காங்கில் ஆண்டின் சிறந்த குதிரை என்ற விருதை இரண்டு முறை பெற்ற ஆம்பிஷஸ் டிராகனும், அதே விருதை இரண்டு முறை பெற்ற பியூட்டி ஜெனரேஷனும் இங்கே பிறந்தவையே. ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நாடு ஒன்று இதைச் சாதிப்பது எனக்கு உள்ளபடியே பெருமை தருகிறது. அந்தப் பெருமைக்குரிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஒரு குதிரையின் உரிமையாளருடைய நிலையிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சியாளரிடம் ஒரு குதிரையை விட்டால் நாளொன்றுக்கு நூறு நியூசிலாந்து டாலருக்குக் குறையாமல் செலவாகும். லாடம், மருத்துவம், பந்தயத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக் கட்டணம் எல்லாம் தனி. ஆக, ஆண்டு முழுவதும் பயிற்சியில் இருக்கும் குதிரைக்கு முப்பத்தாறாயிரம் டாலருக்கு மேல் போய்விடுகிறது. சாதாரண ஊர்ப்பந்தயம் ஒன்றின் மொத்தப் பரிசுத்தொகை இருபதாயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டால், முதலாவதாக வரும் குதிரைக்கு அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். அதிலும் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் பங்கு போக வேண்டும். அதாவது, செலவை ஈடுகட்டவே அந்தக் குதிரை ஆண்டுக்கு நான்கு முறையாவது வெல்ல வேண்டும். பெரும்பாலான குதிரைகள் வாழ்நாள் முழுவதிலும் அத்தனை முறை வெல்வதில்லை. இந்த நிலையில், தகுதிப் பந்தயம் ஒன்றில் நன்றாக ஓடிய மூன்று வயதுக் குதிரைக்கு ஹாங்காங்கிலிருந்தோ சிட்னியிலிருந்தோ ஒருவர் பெருந்தொகை தருவதாகத் தொலைபேசியில் சொன்னால், உரிமையாளர் விற்கத்தான் செய்வார். அவர் என்னிடம் ஆலோசனை கேட்டாலும், மனம் வருந்தியபடியே விற்கும்படிதான் சொல்வேன்.

அப்படி விற்ற பிறகு நடப்பதைத்தான் வெளியிலிருப்பவர்கள் கவனிப்பதில்லை. நல்ல குதிரைகள் போய்விடுவதால் உள்நாட்டுப் பந்தயங்களில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. எட்டுக் குதிரைகளுக்குக் குறைவாக ஓடும் பந்தயத்தில் குதிரை முதல் சில இடங்களுக்குள் வரும் என்று கட்டுபவர்களுக்கு மூன்றாம் இடத்துக்கான பணம் கிடையாது. எனவே பந்தயம் கட்டுபவர்களின் ஆர்வம் வடிந்துவிடுகிறது. கட்டப்படும் பணம் குறைந்தால் பரிசுத்தொகை குறைகிறது. பரிசுத்தொகை குறைந்தால் அடுத்த குதிரையும் கப்பலேறுகிறது. மனிதர்களின் கதையும் இதேதான். வின்க்ஸ் என்ற பெட்டைக் குதிரையைத் தொடர்ந்து 33 பந்தயங்களில் வெல்ல வைத்த பயிற்சியாளர் கிறிஸ் வாலர், நியூசிலாந்தின் ஃபாக்ஸ்டன் ஊரிலிருந்து சிட்னிக்குப் போனவர். உலகின் முன்னணி ஜாக்கிகளில் ஒருவரான ஜேம்ஸ் மெக்டொனால்டும் வைக்காட்டோவிலிருந்து சிட்னிக்குச் சென்றவரே. மாட்டமாட்டா என்ற ஊரில் பெரும் வெற்றிகளைக் குவித்த பயிற்சியாளர் ஜேமி ரிச்சர்ட்ஸ் 2022இல் ஹாங்காங்குக்குப் போய்விட்டார். இவர்கள் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இனப்பெருக்கத் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அயர்லாந்தில் பிறந்து 1970களின் நடுவில் இங்கே கொண்டுவரப்பட்ட சர் ட்ரிஸ்ட்ரம் என்ற பொலிகுதிரை, பாட்ரிக் ஹோகனின் கேம்பிரிட்ஜ் ஸ்டட் பண்ணையில் நின்று நாற்பதுக்கும் மேற்பட்ட முதல்தரப் பந்தய வெற்றியாளர்களைத் தந்தது. அதன் மகன் சபீல், மைட் அண்ட் பவர், ஜெசபீல், எஃபிஷியன்ட் என்று மெல்பர்ன் கோப்பையை வென்ற மூன்று குதிரைகளுக்குத் தந்தை. சபீலின் மகன் சவாபீல், வைக்காட்டோ ஸ்டட் பண்ணையில் நின்று அந்த வழியைத் தொடர்ந்தது. இம்மூன்று தலைமுறைகளும் நீண்ட தொலைவு ஓடும், மெதுவாக முதிரும் குதிரைகளுக்கே புகழ் பெற்றவை. நியூசிலாந்தின் மழையும் புல்லும், அவசரப்படாமல் குட்டியை வளர்க்கும் பழக்கமும் சேர்ந்து உருவாக்கிய இனம் அது.

ஆனால் சந்தை வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பெரும் பரிசுகள் இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயங்களுக்கும் குறுந்தொலைவுப் பந்தயங்களுக்கும் குவிந்ததால், சீக்கிரம் முதிர்ந்து வேகமாக ஓடும் குட்டிகளுக்குத்தான் ஏலத்தில் விலை. நீண்ட தொலைவுக் குதிரை வேண்டுமென்றால் அவர்கள் ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடித் தகுதி காட்டிய குதிரைகளை வாங்கிவிடுகிறார்கள். 1993இல் அயர்லாந்திலிருந்து வந்த விண்டேஜ் கிராப் மெல்பர்ன் கோப்பையை வென்றபோதே இந்தக் கதவு திறந்துவிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட முறை அந்தக் கோப்பையை வென்ற நியூசிலாந்துக் குதிரையினம், இப்போது அதில் இடம்பிடிப்பதற்கே போராடுகிறது. 2021இல் நியூசிலாந்தில் பிறந்த வெரி எலகன்ட் வென்றபோது எங்கள் ஊரில் இருந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு, இன்னும் முடிந்துவிடவில்லை என்ற நிம்மதிதான்.

இந்த மாற்றத்தைப் பெரிய பண்ணைகள் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று பெட்டைக் குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பால்பண்ணை வருமானத்தின் துணையோடு இந்தத் தொழிலை நடத்திவந்த குடும்பங்களால் முடிவதில்லை. பெட்டையைப் பொலிகுதிரையிடம் அனுப்பும் கட்டணம், பதினொரு மாதக் கருக்காலம், பிறகு குட்டியை ஏலத்துக்குக் கொண்டுவரும்வரை ஓராண்டுக்கு மேற்பட்ட வளர்ப்புச் செலவு என்று போட்ட பணம் திரும்ப மூன்று பருவங்கள் ஆகின்றன. ஜனவரி இறுதியில் கராக்காவில் நடக்கும் ஏலத்தில் அந்த ஒரு குட்டிக்குக் கேட்பவர் இல்லையென்றால் எல்லாமே நட்டம். நான் கணக்குப் பார்த்துவந்த குடும்பங்களில் சில, சத்தமில்லாமல் இந்தத் தொழிலை விட்டுவிட்டன. நாடு முழுவதும் பிறக்கும் தாரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனக் குட்டிகளின் எண்ணிக்கை கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்து, இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் என்ற அளவில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் அது ஏறத்தாழ பன்னிரண்டாயிரம். இதோடு, நியூசிலாந்துக் குதிரைகளைப் பல்லாண்டுகளாக வாங்கிவந்த இரண்டு ஆசியச் சந்தைகள் 2024ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டன: மார்ச் மாதத்தில் மக்காவ், அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடல். ஆசியாவில் ஹாங்காங் என்ற ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பதில் உள்ள அபாயத்தை விளக்கத் தேவையில்லை.

இனி அரசும் துறையும் செய்தவற்றைப் பார்ப்போம். 1951இல் தொடங்கிய டிஏபி, பந்தயத் திடலுக்கு வெளியே பந்தயம் கட்டுவதற்கு அரசு ஏற்படுத்திய அமைப்புகளில் உலகிலேயே முன்னோடி. அரை நூற்றாண்டு காலம் அதன் ஏகபோகமே துறைக்குச் சோறு போட்டது. இணையம் வந்ததும் பந்தயம் கட்டுபவர்கள் ஆஸ்திரேலியத் தளங்களுக்குப் போனார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி இந்நாட்டுப் பரிசுத்தொகைக்குத் திரும்பவில்லை. 2018இல் பந்தயத் துறை அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் கேட்டுக்கொண்டதன்படி ஆஸ்திரேலியரான ஜான் மெசாரா தயாரித்த அறிக்கை, டிஏபியின் வணிகப் பணியை வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், 48 திடல்களை 28ஆகக் குறைக்க வேண்டும், செயற்கைத் தளம் கொண்ட ஓடுபாதைகள் மூன்று அமைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு பந்தயங்களை நிறுத்தியபோது, துறையின் கையிருப்பு எவ்வளவு மெலிந்திருந்தது என்பது வெட்டவெளிச்சமானது, அரசு 72.5 மில்லியன் டாலர் கொடுத்துத்தான் அதைக் காப்பாற்றியது.

திடல்களை மூடுவது குறித்து எனக்கு இரண்டு மனம் உண்டு. குளிர்கால மழையில் சேறாகிப்போன பாதைகளில் பந்தயங்கள் பாதியில் கைவிடப்படுவதும், குதிரைகள் வழுக்கி விழுவதும் இங்கே அடிக்கடி நடக்கின்றன. பணத்தைச் சில திடல்களில் குவித்து அவற்றைச் செம்மைப்படுத்த வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ், அவாபுனி, ரிக்கர்ட்டன் ஆகிய இடங்களில் போடப்பட்ட செயற்கைப் பாதைகள் குளிர்காலத்தில் பலருடைய பிழைப்பைக் காத்திருக்கின்றன. ஆனால் மேற்குக் கரையிலுள்ள குமாரா போன்ற சிற்றூரில் ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் பந்தயம், அந்த ஊராரின் முன்னோர்கள் உழைப்பால் அமைத்த நிலத்தில் நடப்பது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து குதிரையை அருகில் பார்க்கும் ஒரே நாள் அது. ஒரு சிறிய நாட்டில் அடுத்த தலைமுறை உரிமையாளரும் குதிரையேறும் சிறுமியும் அப்படிப்பட்ட நாட்களில்தான் உருவாகிறார்கள். மூடினால் மிச்சமாகும் பணத்தைக் கணக்கிட்டுவிட முடியும். இந்த இழப்பைக் கணக்கேட்டில் எழுத வழியில்லை.

2023 ஜூன் முதல் டிஏபியை என்டெய்ன் என்ற வெளிநாட்டுச் சூதாட்ட நிறுவனம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் நடத்துகிறது. முன்பணமும், முதல் ஐந்தாண்டுகளுக்கு உறுதிசெய்யப்பட்ட குறைந்தபட்சத் தொகையும் கிடைத்ததால் பரிசுத்தொகைகள் உயர்ந்தன. 2025 ஜூனில் வெளிநாட்டுத் தளங்களைத் தடைசெய்து இணையப் பந்தயத்தை டிஏபிக்கே உரித்தாக்கும் சட்டமும் வந்தது. ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி திடல் புதிய தளத்துடன் 2024 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே 2025 மார்ச்சில் பல மில்லியன் டாலர் பரிசுடன் முதன்முறையாக நடந்த கிவி பந்தயத்தை டமாஸ்க் ரோஸ் வென்றது. இவை வரவேற்கத்தக்கவை. இருந்தாலும் அந்த ஐந்தாண்டு உறுதி 2028இல் முடிகிறது; அதன் பிறகு, சூதாட்ட வருவாய் எவ்வளவோ அவ்வளவுதான். மேலும், இந்தப் பணத்தில் கணிசமான பகுதி உச்சியிலுள்ள சில பந்தயங்களுக்குப் போகிறது. உச்சிப் பந்தயங்கள் சிறந்த குதிரைகளைச் சில மாதங்கள் கூடுதலாக நாட்டில் நிறுத்திவைக்கலாம். மூன்று பெட்டைகள் வைத்திருக்கும் குடும்பத்தை அவை நிறுத்திவைக்காது.

மக்களின் ஒப்புதல் என்ற இன்னொரு சவாலும் இருக்கிறது. நாய்ப் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதை அறிவித்தவர் பந்தயத் துறைக்கு எப்போதும் ஆதரவான அதே வின்ஸ்டன் பீட்டர்ஸ் என்பதைக் குதிரைக்காரர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். ஓய்வுபெற்ற குதிரைகள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு ஒவ்வொரு குதிரைக்கும் பதில் சொல்லக்கூடிய பதிவேடு இருந்தால்தான் இந்தத் துறை பொதுமக்கள் முன் தலைநிமிர்ந்து நிற்க முடியும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், 2028க்குள் கையிலிருக்கும் பணத்தில் ஒரு பங்கை, குட்டியை ஈன்று வளர்த்தவருக்கே நேரடியாகப் போய்ச்சேரும்படி ஒதுக்க வேண்டும் என்பேன். நியூசிலாந்தில் பிறந்த குதிரை நியூசிலாந்துத் திடலில் வெல்லும் ஒவ்வொரு முறையும், சாதாரண ஊர்ப்பந்தயமாக இருந்தாலும், அதன் தாயை வைத்திருந்தவருக்குக் கண்ணியமான தொகை ஒன்று கிடைக்க வேண்டும். அத்துடன், நீண்ட தொலைவுப் பந்தயங்களின் பரிசை மற்றவற்றைவிட வேகமாக உயர்த்தினால், இந்த மண்ணுக்கே உரிய குதிரைக்கு உள்நாட்டிலேயே ஒரு சந்தை பிறக்கும். கருவுறச் செய்வதிலிருந்து மூன்று வயதுக் குதிரை ஓடுவதுவரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதால், இந்த வசந்தத்தில் பெட்டையைப் பண்ணைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் எடுக்கும் முடிவின் விளைவு, அந்த உறுதித்தொகைக் காலம் முடிந்த பிறகுதான் பந்தயத் திடலில் தெரியும்.