நீங்கள் அடித்துவிட்ட ஒன்பது கடைகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 27 வயது. சொந்த ஊர் தெலுக் இந்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். பினாங்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சனி, ஞாயிறுகளில் வட்டாரம் வட்டாரமாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு கடைக்கு ஒரு தடவைதான். இதுவரை 41 கடைகள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறேன். நாசி கண்டார் சோறு என்றால் எனக்கு உயிர்.

நீங்கள் பழைய பினாங்குக்காரர். எந்த வட்டாரத்தில் எந்தக் கடை என்று ஒரு பட்டியல் தர முடியுமா? வரிசை நிற்கும் கடைகளுக்குப் போவது வீணா? மிசலின் உணவகப் பட்டியலை நம்பலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்போது நிறைய கடைகளில் வங்காளதேசிகளும் மியன்மார்க்காரர்களும்தான் சமைக்கிறார்கள். அசல் ருசி வேண்டும் என்று அந்த மாதிரி ஒன்பது கடைகளை நோட்டில் அடித்துவிட்டேன். செய்தது சரிதானே?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டேன். கோபம் ஆறட்டும் என்று நான்கு நாள் விட்டேன். முழுக்க ஆறவில்லை. அந்தக் கோபம் உங்களால் மட்டும் வந்ததில்லை. அதற்கு முந்திய ஞாயிறு, என் வீட்டுப் பக்கத்துக் கடையில் நடந்த ஒன்று மனத்தைவிட்டுப் போகாமல் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம். பட்டியல் கிடையாது. தானாகவே 41 கடை நடந்த காலுக்கு என் பட்டியல் எதற்கு? வரிசை விஷயம் உங்கள் பசியையும் பொறுமையையும் பொறுத்தது. மிசலின்காரர்கள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் முதல் பட்டியலை 2022 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதில் நல்ல கடைகளும் இருக்கின்றன. அதற்குமேல் எனக்கு அதில் அக்கறை இல்லை.

லீவு நாளில் அறையில் படுத்துக் கிடக்காமல் ஊரைச் சுற்றிப் பசியாறப் போகிற பிள்ளையை எனக்குப் பிடிக்கிறது. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டப் போகிறேன்.

நாசி கண்டார் உயிர் என்கிறீர்கள். கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. அதைச் சுமந்துபோய்த் துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூர், தென்காசி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸான மீயை வாங்கி, உருளைக்கிழங்கும் தௌ என்கிற சோயாக் கட்டியும் மிளகாய் விழுதும் போட்டுப் புரட்டி மாமாக் மீ கோரேங் ஆக்கியதும் அவர்கள் கைதான். கோப்பிக் கடைகளில் நீங்கள் சாப்பிடும், தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தடவிய காயா ரொட்டிக்குப் பின்னால் இருப்பவர்கள் ஹைனான்காரர்கள். மற்ற சீனர்களுக்குப் பிந்தி வந்ததால் நல்ல தொழில்கள் கிடைக்காமல், வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்குப் போனவர்கள். உங்கள் நோட்டில் இருக்கும் 41 கடைகளில் வெளியூர்க் கை படாத ஒரே ஒரு கடையைக் காட்டுங்கள், பார்ப்போம்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போனது. அதன்பிறகு அப்பாவுக்கு வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாரத்துக்கு நான்கு நாள், பிறகு மூன்று நாள் என்று ஆனது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும். பள்ளி விடுமுறையில் லெபோ சூலியா பக்கம் ஒரு நாசி கண்டார் கடையில் தட்டுக் கழுவப் போனேன்.

அங்கே சமையல் செய்தவர் கடையநல்லூர்க்காரர். மாமா என்று கூப்பிடுவோம். குழம்பு பதமாகிவிட்டதா என்று பார்க்க நாக்கில் வைக்க மாட்டார். கரண்டியின் முதுகால் குழம்பை மெல்ல அழுத்துவார். எண்ணெய் கரண்டியைச் சுற்றி வளையமாக ஒதுங்கி, ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு மெதுவாக மூட வேண்டும். உடனே மூடிக்கொண்டால் "மசாலா இன்னும் பச்சையா இருக்குலே" என்று விறகைத் தள்ளுவார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வியாழக்கிழமை மதியக் கூட்டம் ஓய்ந்ததும் அரிசி மூட்டைமேல் என்னை உட்கார வைத்து, ஊருக்குக் கடிதம் சொல்வார். நான் எழுதுவேன். பணம் அனுப்பியிருக்கிறேன், மழைக்கு முன்னால் கூரை ஓடுகளை மாற்று, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவசரப்படாதே, இப்படி. கடைசியில் எப்போதும் ஒரே வரி: "நான் இங்கே நன்றாகச் சாப்பிடுகிறேன்." அவர் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு, சட்டியில் ஒட்டியதைச் சோற்றால் வழித்து, நின்றபடியே. எனக்கு எழுத்துக் கூலி ஒரு துண்டு மீன் சினை. நான் எழுதிச் சம்பாதித்த முதல் கூலி அதுதான், தம்பி.

அந்த மாமாவையும் ஒருவர் பேசினார். நன்றாக உடுத்திய மனிதர். குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நேத்து கப்பல்ல வந்தவனுக்கு இந்த ஊர் ருசி என்ன தெரியும்?" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் வைத்த குழம்பைத்தான் இன்று நீங்கள் "அசல்" என்கிறீர்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் வீட்டுப் பக்கத்துக் கடையில் குழம்பு ஊற்றுகிற பையன் வங்காளதேசத்தவன். ஏழு வருஷமாக இருக்கிறான். முதலாளி அவனை முதல் இரண்டு வருஷம் வெங்காயம் உரிக்க மட்டும்தான் விட்டார். அப்புறம் மசாலா. அதற்கும் அப்புறம்தான் கரண்டி. முதலாளியிடம் கற்றதால் அவன் பேசுவது அச்சுக் கடையநல்லூர்த் தமிழ். "என்னண்ணே, நேத்து ஆளையே காணும்? கொழம்பு பஞ்சிரா ஊத்தவா?" என்பான். பஞ்சிர் என்றால் வெள்ளமாக. கோழிக்குழம்பு, மீன்குழம்பு, பருப்பு என்று எது முதலில், எது மேலே என்ற கணக்கு அவன் கையில் இருக்கிறது. கடைசியில் வெண்டைக்காயை ஓரமாக வைப்பான், சாறு சோற்றில் இறங்காதபடி. ஒருநாள் சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கரண்டியின் முதுகால் குழம்பை அழுத்திக்கொண்டு நின்றான். எனக்கு வயிற்றை என்னவோ செய்தது.

அந்த ஞாயிறு ஒருவர், நம்மவர்தான், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "பங்களா கையால சாப்பிடவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். பையன் தட்டை எடுத்தான். மேசையைத் துடைத்தான். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, உப்பு கம்மியா?"

எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது அதற்கு இரண்டாம் நாள்.

ருசி போய்விடுமோ என்ற பயம் தவறு என்று சொல்லவில்லை. அந்தப் பயத்தில்தான் பினாங்கில் 2016 முதல், அசாம் லக்சா, சார் கொய்த்தியாவ், செண்டோல் மாதிரி பெயர்பெற்ற உணவுகளை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று வைத்தார்கள். இரண்டு வாரம் காட்டிவிட்டுச் சட்டியை ஒப்படைக்கிற முதலாளிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தக் கடைச் சாப்பாடு வாயில் வைக்க முடியாது. ஆனால் அங்கே திட்டு வாங்க வேண்டியவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். கற்றுக்கொடுக்காததை ஒருவன் எப்படிச் சமைப்பான்?

இந்த நகரத்தின் ருசிக்கு உண்மையில் அடி விழுந்தது வேறு இடத்தில். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியோடு முடிந்தது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குத் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் பெயர் ஏறியது. மாடிகள் தங்கும் விடுதிகளாக மாறின. மாமா காலத்தில் எதிர்மாடியில் ஒரு பாட்டி இருந்தார். மீன் பழசு என்று பட்டால், கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து சத்தம் போடுவார். மாமா அந்தப் பாட்டிக்குப் பயந்தார். முதலாளிக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. இன்று அந்த மாடியில் மூன்று நாளைக்கு ஒரு புது முகம். சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உப்பு குறைந்தால் சத்தம் போட ஆள் இல்லை.

நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், தம்பி. 41 கடை, 41 தடவை. ஒரு கடையிலாவது "இன்னைக்குக் காரம் தூக்கலா இருக்கு" என்று சொன்னீர்களா? நோட்டில் ஆறு மார்க் போட்டு எழுந்து வந்துவிட்டால் அந்த ஆறு யாருக்குப் போய்ச் சேரும்? அடுப்படியில் நிற்பவனுக்கு அது தெரிய வேண்டாமா? என் பக்கத்துக் கடைப் பையனாவது உப்பு கம்மியா என்று வந்து கேட்டான்.

உங்கள் தொழிற்சாலைப் பக்கமிருந்து கடலைப் பார்த்தால் ஜெரெஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்த நம் ஆட்களை அங்கே இறக்கி, தடுத்து வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். தெலுக் இந்தானில் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால், முதலில் வந்தவர் எந்தத் துறையில் இறங்கினார் என்று கேளுங்கள். இறங்கிய அன்று யார் கையால் சாப்பிட்டார் என்றும் கேளுங்கள்.

சரி. அந்த ஒன்பது கடைகளின் பெயர்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் கடையில் நான் இருப்பேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கடைதான். நோட்டு வேண்டாம். சமைக்கிறவரின் பெயரைக் கேட்டு வைப்பது உங்கள் பொறுப்பு.

பசியாறாமல் வாருங்கள்.

அன்புடன்.