ஒரே டொமைன், இரண்டு மெயில் சர்வர்: பயனர் கணக்குகளை எப்படி அமைப்பது?

பாதிப் பேர் பழைய போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரில், மீதிப் பேர் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில், எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இன்னும் பழைய சர்வரையே காட்டுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். "ஒரே ராத்திரியில் எல்லாரையும் மாற்றிவிட வேண்டியதுதானே" என்று யாராவது கிளம்புவார்கள். பெரிய மெயில் பெட்டிகளை ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் நெறிமுறை) வழியாக நகர்த்தியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"இப்படி ஒரு முகவரியே இல்லை" என்று சொல்லும் அதிகாரம் எந்த சர்வருக்கு? இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்றுக்குத்தான் இருக்கலாம், இங்கே அது போஸ்ட்ஃபிக்ஸ். ஆகவே எக்ஸ்சேஞ்சில் டொமைன் வகையை அத்தாரிட்டேட்டிவிலிருந்து (எல்லா முகவரியும் தன்னிடமே என்று கருதுவது) இன்டர்னல் ரிலேவுக்கு (தன்னிடம் இல்லாததை வேறு சர்வருக்கு அனுப்புவது) மாற்றி, பழைய சர்வரை நோக்கி ஓர் அவுட்பவுண்ட் கனெக்டர் (மெயில் வெளியே போகும் வழி) போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டால், புதிய பெட்டிக்காரர் பழைய பெட்டிக்காரருக்கு அனுப்பும் மெயில் வாசலைத் தாண்டாமலே 550 5.1.10 (பெறுநர் இல்லை) என்று திரும்பும். வெளியிலிருந்து வருபவை ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம், எக்ஸ்சேஞ்சுக்கு மாறியவருக்கு விர்ச்சுவல் அலியாஸ் மேப்பில் (ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்பும் பட்டியல்) ஒரு வரி: இடப்பக்கம் அவருடைய வழக்கமான முகவரி, வலப்பக்கம் அவருடைய ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம் முகவரி. பிறகு அந்தப் பட்டியலைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். டிரான்ஸ்போர்ட் மேப்பிலும் (எந்த முகவரிக்கான மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல்) செய்யலாம், தவறில்லை. ஆனால் அப்போது மெயில்பாக்ஸ் மேப்பில் (இங்கே பெட்டி உள்ளவர்களின் பட்டியல்) அவர் பெயரை நீக்கக் கூடாது, நீக்கினால் "யூசர் அன்னோன்" என்று வாசலிலேயே மறுக்கப்படும். செய்யவே கூடாதது, தெரியாத முகவரிகளையெல்லாம் மொத்தமாக எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளுவது. அது தன்னிடம் அந்த முகவரி இல்லை, ரிலே டொமைன்தானே என்று உங்களுக்கே திருப்பி அனுப்பும், நீங்கள் மறுபடி தள்ளுவீர்கள், ஹாப் (சர்வர்விட்டு சர்வர் தாவுவது) எண்ணிக்கை மீறும்வரை மெயில் பந்தாடப்படும்.

வெளி மெயில் உங்கள் பழைய சர்வர் வழியாகப் போவதால் எக்ஸ்சேஞ்சின் கண்ணில் எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்ற சோதனை) தோற்கும், மெயில் ஜங்கில் விழும். பழைய சர்வரின் ஐபி அல்லது சான்றிதழை வைத்து இன்பவுண்ட் கனெக்டர் போட்டு, என்ஹான்ஸ்டு ஃபில்டரிங்கை (மெயில் முதலில் எந்த ஐபியிலிருந்து வந்தது என்று பார்ப்பது) இயக்குங்கள். உங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் இரண்டு சர்வரும் இருக்கட்டும். ரெக்கார்டு ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் பெர்ம்எரர், அதாவது நிரந்தரப் பிழை. அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடலும் 10-ஐத் தாண்டக் கூடாது.

 

ஆளை மாற்றும் வரிசை: புதிய பெட்டி, ஐமேப்சிங்க் (பழைய பெட்டியின் மெயிலைப் புதியதற்கு நகலெடுக்கும் கருவி), அலியாஸ் வரி, போஸ்ட்மேப், மீண்டும் ஐமேப்சிங்க். கடைசியாகப் பழைய பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இல்லையென்றால் அவர் ஃபோன் சத்தமில்லாமல் பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். அனுப்பியவையும் பழைய சென்ட் ஃபோல்டரிலேயே சேரும்.